மயிலைக் கேட்டுக் கொடுத்த போர்வை

கடும் நோயில் வாடும் குழந்தைகளின் மனோரதங்களை நிறைவேற்றுவதற்காக அமெரிக்கக் கலாசாலை மாணவர்கள் செய்துவரும் தொண்டு

மழைக்காலத்து மேகத்தைக் கண்டு தோகையை விரித்தாடிய மயில் ஒன்றைப் பார்த்து, அது குளிரினால் நடுங்குகிறது என்று எண்ணிக்கொண்டு, தன் தோளில் கிடந்த போர்வையை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு மனநிறைவோடு நடந்துபோன வள்ளல் பேகனின் கதையை, தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் காலடி வைத்த எவரும் கேளாமல் இருந்திருக்க முடியாது. பயன்படுமா படாதா என்று பாராமல் கொடுத்துவிடும் அந்தப் பேதைமைக்குக் ‘கொடைமடம்’ என்று பெயரிட்டு, மடமை என்று தெரிந்தும் அதைப் பெருமையாகவே பாடிய புலவர்களின் உள்ளம் பெரியது. ஆயினும் சிறு பிராயத்தில் அந்தக் கதையைப் படித்த நாளிலேயே எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. “போர்வை வேண்டுமா என்று மயிலை யாரும் கேட்கவில்லையா, ஐயா?” என்று வாத்தியாரிடம் கேட்டேன். “மயில் பேசாதே, தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

இத்தனை காலம் கழித்து அந்தச் சந்தேகம் மறுபடியும் தலைதூக்கியதற்குக் காரணம், அமெரிக்க தேசத்தின் சர்வகலாசாலைகளில் பல்லாண்டுகளாக நடந்துவரும் ஒரு தர்ம கைங்கரியம். பத்தொன்பது, இருபது வயது நிரம்பிய மாணவ மாணவியர், பரீட்சைக்குப் படிக்கும் நேரத்திலும் பந்தாட்டத்துக்கு ஒதுக்கிய நேரத்திலும் மிச்சம் பிடித்து, பலகாரம் விற்றும், கார் கழுவியும் பணம் திரட்டுகிறார்கள். அந்தப் பணம், தாங்கள் முகம்கூடப் பார்த்திராத, கொடிய வியாதியில் படுத்திருக்கும் ஏதோ ஒரு குழந்தையின் ஆசை ஒன்றை நிறைவேற்றப் போய்ச் சேருகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், அந்த ஆசை இன்னது என்று நிச்சயிக்கும் அதிகாரம் பணம் கொடுத்தவருக்கும் இல்லை, திரட்டியவருக்கும் இல்லை, பெற்ற தாய் தகப்பனாருக்கும் இல்லை. அந்தக் குழந்தை ஒன்றுக்கே அது உரியது. இங்கே மயிலைக் கேட்கிறார்கள்.

சிறிய சீருடை

குழந்தையையே கேட்கும் இந்த வழக்கம் முதன்முதலில் பிறந்த இடம், ஆரிஸோனா மாகாணத்தின் தலைநகரான பீனிக்ஸ். 1980-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அந்த நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், இரத்தப் புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில், கிறிஸ் கிரேஷியஸ் என்ற ஏழு வயதுப் பாலகன் இருந்தான். பெரியவனானால் போலீஸ்காரனாக வேண்டும் என்பது அவன் ஆசை. பெரியவனாகும் பாக்கியம் அவனுக்கு இல்லை என்பது டாக்டர்களின் முடிவு. குடும்பத்துக்குச் சிநேகிதரான சுங்க இலாகா உத்தியோகஸ்தர் டாமி ஆஸ்டின் என்பவர், வேறு எந்த உதவியும் செய்ய வகையறியாமல், மாகாணப் போலீசில் தமக்குத் தெரிந்தவர்களிடம் இந்த விஷயத்தைச் சொல்லி வைத்தார்.

அரசாங்க இலாகா ஒன்று இப்படிப்பட்ட வேண்டுகோளை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும்: ஒரு கோப்பு திறக்கப்படும், கோப்பு மேலே போகும், மேலே போன கோப்பு இறங்கி வருவதற்குள் குழந்தை போய்விடும். பீனிக்ஸில் அவ்வாறு நடக்கவில்லை. ஏப்ரல் 29-ஆம் தேதி போலீஸ் ஹெலிகாப்டர் ஒன்று அவனை ஏற்றிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் பறந்தது. அங்கே அதிகாரிகள் வரிசையாக நின்று வரவேற்க, அவன் அந்த மாகாணத்தின் முதல் கௌரவப் போலீஸ் வீரனாகப் பிரமாணம் செய்துகொண்டான். அவன் உடம்பின் அளவுக்குச் சீருடை எங்கும் கிடைக்காது என்பதால், சீருடை தைக்கும் கடை ஒன்றைச் சேர்ந்த இரு பெண்கள் இரவு முழுவதும் கண் விழித்துத் தைத்துக் கொடுத்தார்கள். மோட்டார் சைக்கிள் வீரனாகத்தான் வேண்டும் என்று அவன் சொல்லவே, வீட்டின் முன்புறத்தில் கூம்புகளை நட்டு, பாட்டரியில் ஓடும் அவனுடைய சின்ன வண்டியில் வளைந்து வளைந்து ஓட்டச் சொல்லிச் சாஸ்திரோக்தமாகப் பரீட்சை நடத்தி, தேறினான் என்று தீர்ப்பும் அளித்தார்கள். தேறிய வீரர்கள் மார்பில் அணியும் சிறகுச் சின்னமும் வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரி அறையில், படுத்தபடியே கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அந்தச் சின்னச் சீருடை தொங்கிக்கொண்டிருந்தது. மே 3-ஆம் தேதி கிறிஸ் கண்ணை மூடினான்.

இல்லினாய் மாகாணத்தில் அவனை அடக்கம் செய்தபோது, பணியில் உயிர்நீத்த போலீஸ் வீரனுக்குரிய மரியாதைகள் யாவும் செய்யப்பட்டன. அதற்காகச் சென்றிருந்த மோட்டார் சைக்கிள் வீரர் பிராங்க் ஷாங்க்விட்ஸும் அவருடைய தோழரும் விமானத்தில் திரும்பிவரும் வழியில், ஒரு குழந்தைக்குச் செய்ததை மற்றக் குழந்தைகளுக்கும் ஏன் செய்யக்கூடாது என்று பேசத் தொடங்கினார்கள். கிறிஸின் தாயாரும் சேர்ந்துகொண்டார். மளிகைக் கடை நிர்வாகி ஒருவர் கொடுத்த 15 டாலர்தான் அவர்களுடைய முதல் வரவு. ‘மேக்-எ-விஷ்’, அதாவது ‘ஆசைப்படு’ என்று குழந்தையைப் பார்த்துச் சொல்லும் பெயருடைய ஸ்தாபனம் இவ்விதம் உதயமாயிற்று. இன்று ஐம்பதுக்குச் சற்றுக் குறைந்த தேசங்களில் அது வேரூன்றி, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றியிருக்கிறது. நம் தேசத்திலும் 1996 முதல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிவருகிறது.

கேட்பது எப்படி?

நோயுற்ற குழந்தையின் தினசரி வாழ்க்கையை ஒரு கணம் நினைத்துப் பார்ப்போம். எழும் நேரம், உண்ணும் உணவு, விழுங்கும் மாத்திரை, ஊசி குத்தும் இடம், பார்க்க வரும் மனிதர், வரக்கூடாத மனிதர் எல்லாவற்றையும் பிறரே தீர்மானிக்கிறார்கள். “கையை நீட்டு”, “வாயைத் திற”, “அசையாதே” என்ற ஏவல்களுக்கு நடுவே, உடம்பு போன வழியிலேயே விருப்பமும் மெல்ல மெல்ல அதனிடமிருந்து கழன்று போகிறது. பக்கத்திலிருப்பவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பு மிகுதியினாலேயே கேட்க மறந்தவர்கள்.

ஆகவே அந்த ஸ்தாபனத்தார் ‘உனக்கு என்ன வேண்டும்?’ என்ற கேள்வியை ஒரு சடங்கைப் போன்ற சிரத்தையோடு கேட்கிறார்கள். 2½ வயது முடிந்து 18 வயது நிரம்பாத குழந்தையாக இருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலை என்று டாக்டர் உறுதி கூற வேண்டும். பிறகு பயிற்சி பெற்ற தொண்டர்கள் பெரும்பாலும் இருவராகச் சென்று, தரையில் உட்கார்ந்து, விளையாடி, சித்திரம் வரையச் செய்து, எங்கேயாவது போக வேண்டுமா, யாராகவாவது ஆக வேண்டுமா, எவரையாவது சந்திக்க வேண்டுமா, எதையாவது பெற வேண்டுமா என்று பொறுமையாகக் கேட்பார்கள். பெற்றோர் குறுக்கே புகுந்து, “அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் வேண்டுமாம்” என்று சொன்னால், புன்சிரிப்போடு கேட்டுக்கொண்டு, மறுபடியும் குழந்தையின் பக்கமே திரும்புவார்கள்.

இவ்விதம் 1981-இல் முதலில் கேட்கப்பட்ட குழந்தையும் ஏழு வயதுச் சிறுவனே. தீயணைப்பு வீரனாக வேண்டும், டிஸ்னிலாந்து பார்க்க வேண்டும், வெப்பக்காற்றுப் பலூனில் பறக்க வேண்டும் என்று மூன்று ஆசைகளை வரிசையாகச் சொன்னான். ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்ல யாருக்கும் மனம் வராமல், மூன்றையும் நிறைவேற்றினார்கள். பிறகு அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பீனிக்ஸ் நகரத்துத் தீயணைப்பு வீரர்கள் வாசல் வழியாக வராமல், வெளியே ஏணி சார்த்தி, ஜன்னல் வழியாக ஏறி வந்து அவனைப் பார்த்தார்கள். தம்முள் ஒருவனைப் பார்க்க அவர்கள் வேறு எப்படி வருவார்கள்?

இவற்றைப் படிப்பவர்கள், சாகப்போகும் குழந்தையின் இறுதி விருப்பம் என்றே நினைத்துக்கொள்வது சகஜம். அது பிழை. அமெரிக்காவில் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்களுள் பெரும்பான்மையாகக் காணப்படும் வகையில், இன்று பத்தில் ஒன்பது குழந்தைகள் பிழைத்து எழுகிறார்கள். ஆசை நிறைவேறப் பெற்றவர்களில் பலர் வளர்ந்து, படித்து, இன்று தாமே தொண்டர்களாக வேறொரு குழந்தையின் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கையேந்தும் இளமை

குழந்தையிடம் ‘என்ன வேண்டும்?’ என்று கேட்பது ஒரு கேள்வி. அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. அது ஊராரிடம் ‘ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்பது. வள்ளுவர் ‘இரவு’ என்று ஓர் அதிகாரம் வகுத்தவர், அடுத்தபடியே ‘இரவச்சம்’ என்று இன்னோர் அதிகாரமும் வகுத்தார். ஏற்பது எவ்வளவு கூச்சமான காரியம் என்று அவர் அறிந்திருந்தார். தனக்காக இரப்பது மானத்தைத் தின்னும். பிறனுக்காக இரப்பவனுக்கோ, கூச்சம் குறைவதில்லை; கூசிக்கொண்டே கேட்கும் தைரியம் வருகிறது. இளமையில் கற்க வேண்டிய பாடங்களுள் இது ஒன்று என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் பாடம் நடக்கும் இடங்களில் ஒன்று ‘கை ஒமேகா’ என்னும் மாணவியர் சங்கம். அமெரிக்கக் கலாசாலைகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகக் கொண்ட சகோதரிச் சங்கங்கள் உண்டு. ஒன்றாக வசிப்பதும், விருந்துகள் நடத்துவதும், ஆயுள் முழுவதும் சிநேகம் பாராட்டுவதும் அவற்றின் வழக்கம். அவற்றுள் 1895-இல் ஆர்கன்ஸா சர்வகலாசாலையில் தொடங்கிய இந்தச் சங்கம், 2002-ஆம் ஆண்டு முதல் குழந்தைகளின் ஆசைகளை நிறைவேற்றுவதையே தன் பொதுத்தொண்டாக ஏற்றுக்கொண்டது. கூடைப்பந்துப் போட்டி வைத்துச் சீட்டு விற்பார்கள். நள்ளிரவில் தோசையைப் போன்ற பான்கேக் சுட்டு, பசியோடு அலையும் சக மாணவர்களுக்கு விற்பார்கள். பாட்டிக்கும் அத்தைக்கும் கடிதம் எழுதிப் பணம் கேட்பார்கள். ஐந்தும் பத்துமாகச் சேர்ந்த டாலர், இதுவரை இரண்டு கோடிக்கும் மேலே போயிருக்கிறது. ஒவ்வொரு பான்கேக்காக விற்கும் பெண்ணுக்கு இந்தப் பெருந்தொகை கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரே நிற்பவன் வாங்குவானா மாட்டானா என்ற கவலையே அவளுக்கு. தர்மம் பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது.

இதற்குச் சகோதர முயற்சி என்று சொல்லத்தக்க இன்னொன்று, பென்சில்வேனியா மாகாணத்தில் நடக்கிறது. அங்கே கிறிஸ்டோபர் மில்லார்ட் என்ற சிறுவன் மூன்று வருஷம் புற்றுநோயோடு போராடி, 1972-இல் பதினான்காவது வயதில் இறந்தான். அதற்கு முன்பு பள்ளிக்கூடத்துக்காக அவன் ஒரு கதை எழுதியிருந்தான்: சூனியக்காரியிடம் சிறைப்பட்ட வீரன் ஒருவன், தைரியம், அறிவு, நேர்மை, வலிமை என்னும் நான்கு வைரங்களைத் தேடிப் பெற்று விடுதலையடையும் கதை. பெற்றோர் அந்தக் கதையின் பெயரையே வைத்து, புற்றுநோய்க் குழந்தைகளின் குடும்பங்களுக்காக ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். பென் ஸ்டேட் சர்வகலாசாலையில் 1973 முதல் தர்மத்துக்காக நடந்துவந்த நடன மாரத்தான், 1977-இலிருந்து அந்த நிதிக்கென்றே நடக்கலாயிற்று.

மாரத்தான் என்ற சொல்லின் வாலை மட்டும் அறுத்து, மாணவர்கள் அந்த விழாவுக்குத் ‘தான்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேடிக்கையாக இருக்கிறது; ஏனெனில் ‘தான்’ என்ற எண்ணத்தை நாற்பத்தாறு மணி நேரம் மறந்திருப்பதே அங்கே போட்டி. பிப்ரவரி மாதத்தின் வெள்ளிக்கிழமை மாலையில் ஆட ஆரம்பிக்கும் சுமார் எழுநூறு பேர், ஞாயிற்றுக்கிழமை மாலை வரையில் உட்காரவும் கூடாது, உறங்கவும் கூடாது. கால் வீங்கும், முதுகு விண்டுவிடுவது போலிருக்கும், இரண்டாம் இரவில் எதிரே இருப்பவர் முகம் மங்கும். அப்போது நோய்க் குழந்தைகள், சிகிச்சையினால் முடி கொட்டிய தலையோடு, தண்ணீர்த் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்து அவர்களை நனைத்துவிட்டு ஓடுவார்கள். படுக்கையை விட்டு எழ முடியாமல் இருப்பது என்றால் என்னவென்று அறிந்த குழந்தை, படுக்கைக்குப் போகக் கூடாதென்று நிற்கும் இளைஞனை எழுப்பி நிறுத்துகிறது!

கடைசி நாளில் பெற்றோர்கள் மேடையேறித் தங்கள் குழந்தையைப் பற்றிப் பேசுவார்கள். குழந்தையை இழந்தவர்களும் பேசுவார்கள். முடிவில் மாணவர்கள் வரிசையாக நின்று, ஆளுக்கொரு இலக்கமாக அட்டையை உயர்த்திக் காட்டி, திரண்ட தொகையை அறிவிப்பார்கள். முதல் ஆண்டில் அது 2,000 டாலருக்குச் சற்று மேல். 2024-இல் 1 கோடியே 69 லட்சம் டாலர்.

பெருமையை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது நியாயமாகாது. பல ஆண்டுகள் இந்த மாணவர்கள் வார இறுதிகளில் காரில் ஏறி வெளியூர்களுக்குப் போய், தெருமுனையில் தகரக் குவளையை நீட்டிப் பணம் கேட்டு வந்தார்கள். அப்படிப் போய்வரும் வழியில் விபத்துகள் நேர்ந்து மாணவர்கள் உயிரிழந்தார்கள். ஒரு குழந்தையைக் காக்கப் புறப்பட்ட இன்னொரு வீட்டுக் குழந்தை திரும்பி வரவில்லை. அதன் பின்னர் அந்த வழக்கம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. நல்ல காரியம் என்பதனாலேயே அதன் வழிகளைச் சோதிக்காமல் விட்டுவிடலாகாது என்ற பாடத்துக்கு அந்த மாணவர்கள் கொடுத்த விலை பெரிது.

காலம் என்னும் நாணயம்

பணம் மட்டும் சேர்ந்தால் போதாது என்பதை உணர்த்திய வேறொரு துயரம் பிளாரிடாவில் நடந்தது. ஹென்றி லாண்ட்விர்த் என்பவர் பெல்ஜியத்தில் பிறந்து, இளமையில் நாஜிகளின் வதை முகாம்களில் கிடந்து, பெற்றோரைப் பறிகொடுத்து, அமெரிக்காவுக்கு வந்து ஹோட்டல் தொழிலில் உயர்ந்தவர். டிஸ்னி உலகத்தைப் பார்க்க ஆசைப்பட்ட நோயாளிச் சிறுமி ஒருத்திக்கு அவர் தம் ஹோட்டலில் இலவசமாக அறை கொடுக்கச் சம்மதித்திருந்தார். ஆனால் விமானம், நுழைவுச் சீட்டு, இதர ஏற்பாடுகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்ததற்குள் நாட்கள் ஓடின. அந்த அறைக்கு அவள் வரவேயில்லை. தன் பால்யத்தைப் பிறர் பறித்துக்கொண்டதை அறிந்த மனிதர் அதைப் பொறுக்க மாட்டாமல், 1986-இல் தொடங்கிய முயற்சியால், கிஸ்ஸிமீ என்ற ஊரில் இத்தகைய குடும்பங்களுக்காகவே ஒரு கிராமத்தை எழுப்பினார். அங்கே காலைப் பலகாரத்துக்கே ஐஸ்கிரீம் கிடைக்கும். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட குழந்தைக்கு, விடிந்ததும் ஐஸ்கிரீம் என்பது எத்தனை பெரிய சுதந்திரம்!

ஒரு தத்துவ ஞானியின் கணக்கு

2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி, இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டுகொண்டிருந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சித்திரக் கதைகளில் வரும் வௌவால் வீரனாக வேண்டும் என்று ஆசைப்பட்டதன் பேரில், சான் பிரான்சிஸ்கோ நகரமே ஒரு நாள் நாடக மேடையாகியது. ஆயிரமாயிரம் ஜனங்கள் தெருவில் கூடி அவனை வாழ்த்தினார்கள். அடுத்த மாதமே, பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் தத்துவப் பேராசிரியர் பீட்டர் சிங்கர் ஒரு கேள்வி எழுப்பினார். ஓர் ஆசையை நிறைவேற்றச் அப்போது சராசரியாக 7,500 டாலர் செலவாயிற்று; அதே பணத்துக்குக் கொசுவலை வாங்கிக் கொடுத்தால், மலேரியாவிலிருந்து இரண்டு மூன்று குழந்தைகளின் உயிரையே காப்பாற்றலாமே என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை உணர்ச்சி வசப்பட்டுத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆசைகள் வெறும் களிப்பல்ல என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒஹையோ மாகாணத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள், ஆசை நிறைவேறப் பெற்ற 496 குழந்தைகளை, அப்பேறு பெறாத அதே எண்ணிக்கைக் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, முன்னவர்கள் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் சேர நேர்வதும், அவசர சிகிச்சைக்கு ஓடுவதும் குறைந்திருக்கக் கண்டார்கள். ஆயினும் அதைக் கொண்டு கொசுவலைக் கணக்கை வென்றுவிட்டதாகச் சொல்வது நேர்மையாகாது. தூரத்துக் குழந்தையின் உயிர் பக்கத்துக் குழந்தையின் ஆசையை விடக் கனமானதுதான். நான் சொல்லக்கூடியது இவ்வளவே: கணக்குப் பார்த்துக் கொடுப்பவனும், கண்ணீர் பார்த்துக் கொடுப்பவனும், இருவருமே பேகனைப் போல மயிலைக் கேளாமல் கொடுத்துவிடக் கூடும். கேட்டுக் கொடுக்கும் பழக்கம் ஒன்றை இந்த மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். கொசுவலை கொடுக்கப் போகிறவனுக்கும் அந்தப் பழக்கம் வேண்டியிருக்கிறது.

இரு பொருள் கொண்ட சொல்

நம் மொழியில் ‘கேட்டல்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள்: வினாவுவதும் கேட்டலே, செவி சாய்ப்பதும் கேட்டலே. ஊராரைக் கேட்கும் மாணவனும், தரையில் அமர்ந்து குழந்தை சொல்வதைக் கேட்கும் தொண்டரும், அந்தச் சொல்லின் இரு புறங்களையும் ஆளுக்கொன்றாகப் பற்றிக்கொண்டு நிற்கிறார்கள். பணம் அவர்களுக்கு நடுவே கைமாறிப் போகும் ஒரு பண்டம் மட்டுமே.

அவ்விதம் கேட்கும்போது, யாரும் எதிர்பாராத விடை ஒன்றும் சில சமயம் கிடைக்கிறதாம். எங்கும் போக வேண்டாம், எதுவும் வேண்டாம், எனக்குச் செய்ய இருப்பதை வேறொருவருக்குச் செய்யுங்கள் என்று சொல்லும் குழந்தைகள் உண்டு. தங்களுக்குரிய ஒரே ஆசையைத் தாங்கள் படித்த பள்ளிக்கோ, வீடில்லாதவர்களுக்கோ எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அத்தகைய ஆசைகளுக்கென்றே ‘கொடுக்க விரும்புகிறேன்’ என்று ஒரு வகையை அந்த ஸ்தாபனத்தார் வைக்க வேண்டியதாயிற்று.

என் வாத்தியார் இப்போது இருந்தால் அவரிடம் போய்ச் சொல்லுவேன்: மயில் பேசும், ஐயா, கேட்கத்தான் ஆள் வேண்டும். பேகன் நின்று கேட்டிருந்தால், “எனக்குக் குளிரவில்லை, அரசே, அதோ அந்த மரத்தடியில் ஒரு கிழவி நடுங்கிக்கொண்டிருக்கிறாள், அவளுக்குப் போர்த்துங்கள்” என்று அது சொல்லியிருக்கவும் கூடும்.